அழாத பிள்ளைக்கும் பால்

(தில்லி மயூர் விஹாரில் நடந்த மகளிர் கூட்டமொன்றில், பிறந்த குழந்தைகள் வார்டில் பல வருஷங்கள் பணியாற்றி ஓய்வு பெற்ற குழந்தை நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் பேச்சு நடையிலேயே தருகிறோம்.)

  மகளிர் கூட்டம் என்று சொல்லியும் அப்பாக்களும் தாத்தாக்களும் வந்து பின் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இன்று பேசப் போகிற விஷயத்தில் உங்களுக்கும் நிறைய வேலை இருக்கிறது.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்குப் புட்டிப்பால்". கல்யாண வயது தள்ளிப் போகிறது. சிகிச்சை எடுத்துக்கொண்டு பிள்ளை பெறுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். இரண்டுமே இரட்டைப் பிரசவத்தை அதிகமாக்குகிற காரணங்கள். அதனால் நம் குடும்பங்களில் இனி இது அபூர்வமான சமாசாரமாக இருக்காது.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. தொட்டிலில் ஒரு குழந்தை மட்டும் இருக்கிற வீட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். ரெட்டை பிறந்த வீட்டில் அதை நம்பினால் ஆபத்து. இரண்டில் ஒன்று பெரும்பாலும் எடை கொஞ்சம் கம்மியாக இருக்கும். எடை கம்மியான குழந்தைக்குப் பசித்தாலும் அழத் தெம்பு இருக்காது, தூங்கிக்கொண்டே இருக்கும். அழுகிற குழந்தை வீட்டிலுள்ள எல்லோரையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

ஒரு வீட்டில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். பையன் 2.4 கிலோ, பெண் 1.8 கிலோ. பையன் ஊரைக் கூட்டுவான். பெண் சத்தமே போடாது. "பொண்ணு சமத்து, அழறதே இல்லை" என்று பாட்டிக்கு ஒரே பெருமை. பன்னிரண்டாம் நாள் எடை பார்த்தபோது பையன் பிறந்த எடையைத் தாண்டியிருந்தான். பெண் குழந்தை பிறந்த எடையைவிட 200 கிராம் குறைந்திருந்தது. அந்த வீட்டில் யாரும் அவளை அலட்சியம் செய்யவில்லை. அவள் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டரை மணிக்கு ஒரு தரம் எழுப்பி, தாய்ப்பால் கொடுத்து, பிறகு கறந்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் தேறிவிட்டாள்.

எந்தப் பால், எந்தப் பாத்திரம் என்பதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான். இரண்டு குழந்தைக்கும், அழாததற்கும் சேர்த்து, வேளை தவறாமல் பால் போய்ச் சேர வேண்டும். நான் இனிமேல் சொல்வதையெல்லாம் இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இரண்டு பேருக்குப் போதுமா?

ரெட்டை பிறந்த சேதி வந்ததுமே எல்லா வீட்டிலும் எழுகிற கேள்வி: "ஒண்ணுக்கே போறாது, ரெண்டுக்கு எங்கேர்ந்து வரும்? டப்பாப் பால் வாங்கிடலாமே?" கேட்கிறவர் பிரியத்தோடுதான் கேட்கிறார். ஆனால் விஷயம் அப்படி இல்லை.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். தாய்ப்பாலும் அப்படியே. மார்பு எவ்வளவு தடவை காலியாகிறதோ அதற்குத் தக்கபடி உடம்பு உற்பத்தி செய்யும். ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக முக்கால் லிட்டர் சுரக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஹார்ட்மன் குழுவினர் 1986-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரட்டைக் குழந்தைகளின் தாய்மாருக்கு ஆறாவது மாதத்தில் நாளொன்றுக்கு சுமார் 0.84 கிலோவிலிருந்து 2.16 கிலோ வரை பால் இருந்தது. மூன்று குழந்தை பெற்ற ஒரு தாய்க்கு இரண்டரை மாதத்தில் 3 கிலோவுக்கு மேல்!

2 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் வார முடிவில் என்ன தேவை என்று கணக்குப் பாருங்கள். கிலோவுக்கு 150 மில்லி என்று வைத்தால் நாளைக்கு 300 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 40 மில்லிக்கும் குறைவு. இரண்டு குழந்தைக்கும் சேர்த்து 600 மில்லி. முதல் நாளில் கிலோவுக்கு 60 மில்லியில் ஆரம்பித்துப் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். பயப்படுகிற அளவுக்குப் பெரிய தொகை இல்லை. (இந்த அளவெல்லாம் அளந்து ஊட்டுகிற குழந்தைக்கு. நேராக மார்பில் குடிக்கிற குழந்தைக்கு அளவு பார்க்க வேண்டாம். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் நிர்ணயிக்க வேண்டும்.)

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. சப்பி, விழுங்கி, நடுவே மூச்சு விடுகிற மூன்று காரியமும் சேர்ந்து வருவதற்கு சுமார் 34 வாரம் ஆகவேண்டும். அதற்கு முன் பிறந்த குழந்தையால் சப்பிக் குடிக்க முடியாது. நர்சரியில் குழாய் வழியாகவோ, பிறகு பாலாடையிலோ கொடுப்பார்கள். இந்த நாட்களில் தாயார் சும்மா இருந்துவிட்டால் சுரப்பு நின்றுவிடும். பிரசவமான ஆறு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கறக்க ஆரம்பித்து, ராத்திரி உள்பட நாளைக்கு எட்டுத் தடவை கறக்க வேண்டும். முதல் நாள் ஒரு ஸ்பூன்கூட வராமல் போகலாம். அந்தச் சில சொட்டுகளையும் நர்சரிக்கு அனுப்புங்கள்.

நம் தில்லியில் நடந்த ஆராய்ச்சி

இதையெல்லாம் வெளிநாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இங்கே தில்லியிலேயே டாக்டர் இந்திரா நாராயணனும் சகாக்களும் எடை குறைந்த குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் 1980-லிருந்து லான்செட் போன்ற உலகப் பிரசித்தி பெற்ற பத்திரிகைகளில் வந்தன. அதில் ஒன்று, பகலில் கறந்த தாய்ப்பாலும் ராத்திரியில் பவுடர் பாலும் கொடுத்த குழந்தைகளை, முழுக்கப் பவுடர் பாலிலேயே இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டது. பாதி வேளை தாய்ப்பால் கிடைத்த குழந்தைகளுக்கே கிருமித் தொற்று கணிசமாகக் குறைந்திருந்தது.

ரெட்டை பெற்ற தாய்மாருக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது. முழுக்கத் தாய்ப்பாலே கொடுக்க முடிந்தால் மிக்க உத்தமம். முடியாமல் ஒரு வேளையோ இரண்டு வேளையோ பவுடர் பால் கொடுக்க நேர்ந்தால், மீதி வேளைக்குக் கொடுக்கிற தாய்ப்பால் வீண் போவதில்லை. "எப்படியும் பவுடர் ஆரம்பிச்சாச்சு, இனிமே எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் மார்பில் விட்டு, பிறகு குறைவதை மட்டும் பூர்த்தி செய்யுங்கள்.

இன்னொன்று பாலாடை. நம் வீடுகளில் பிறந்தகத்திலிருந்து வெள்ளிப் பாலாடை சீராக வரும். அதே சொல் இன்று ஆங்கில மருத்துவப் பத்திரிகைகளிலும் 'பாலாடை' என்றே அச்சாகிறது தெரியுமோ? அதே டாக்டர் இந்திரா நாராயணனும் குழுவினரும் 1999-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். புட்டி, கப், பாலாடை மூன்றிலும் குழந்தைகளுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். பாலாடையில்தான் குறைந்த நேரத்தில் அதிகப் பால் உள்ளே போயிற்று, குழந்தையும் அமைதியாக இருந்தது. கழுவுவதும் சுலபம். புட்டியில் நிப்பிளின் துவாரத்திலும் கழுத்து மரையிலும் பால் தங்கிக் கிருமி வளரும். பாலாடையில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. தினசரிக்கு எவர்சில்வர் பாலாடை போதும். வெள்ளியானாலும் கொதிக்க வைத்துத்தான் உபயோகிக்க வேண்டும்.

ஆனால் பழைய நாளில் காலில் போட்டு, மல்லாத்தி, புகட்டுவோமே, அது கூடாது. பால் மூச்சுக் குழாயில் போய்விடும். குழந்தை விழித்திருக்க வேண்டும். தலையைத் தாங்கி, பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாலாடையின் மூக்கை வாயின் ஓரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு வாய் விழுங்கின பிறகு அடுத்தது.

பவுடர் பால் என்று முடிவானால்

தாயாருக்கு உடம்பு முடியவில்லை, மருந்து சாப்பிடுகிறாள், அல்லது எல்லா முயற்சியும் செய்தும் எடை ஏறவில்லை. அப்போது டாக்டர் சொன்னபடி பவுடர் பால் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பெண்ணின் மனசு நோகும்படி யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். கொடுப்பதைச் சரியாகக் கொடுப்பதுதான் முக்கியம்.

முதலாவது, பவுடர் டப்பா கிருமி நீக்கியது இல்லை. அதனால்தான் 2007-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கச் சொல்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்து இறக்கி, அரை மணிக்குள் கலக்க வேண்டும். தில்லிக் குளிரில் ஜனவரி மாதம் அதைவிடச் சீக்கிரம் ஆறிவிடும், ஜாக்கிரதை. ஆர்.ஓ. தண்ணீர்தானே என்று அப்படியே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்.ஓ. தண்ணீரையும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். கலந்த பிறகு பாத்திரத்தைக் குழாயடியில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஒரு குழந்தை மிச்சம் வைத்ததை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது, அளவு. முதலில் தண்ணீர், பிறகு பவுடர். டப்பாவிலிருக்கும் கரண்டியில் தலை தட்டி, டப்பாவில் எழுதியிருக்கிறபடி. ரெட்டை வீட்டில் இதில்தான் தப்பு நடக்கும். 3 கிலோ வீதம் இரண்டு குழந்தை என்றால் நாளைக்கு 900 மில்லி. 400 கிராம் டப்பா மூன்று நாளைக்கு மேல் வராது. மாசத்துக்குப் பத்து டப்பா! கை தானாகச் சுருங்கும். ஒரு கரண்டி குறைத்தால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். வயிறு நிரம்பிய மாதிரி இருக்கும், குழந்தை தூங்கும், எடை ஏறாது. கெட்டியாகக் கலப்பதும் கெடுதல், அந்தப் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்காது. ஒரு வயசுக்குள் பசும்பாலில் தண்ணீர் சேர்த்துக் கொடுப்பதும் வேண்டாம்.

மூன்றாவது, புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்து, குழந்தையின் வாயில் செருகிவிட்டுப் போவது. ஒருத்தியே இரண்டைச் சமாளிக்கும்போது இந்த யோசனை வரும். செய்யவே செய்யாதீர்கள். புரையேறினால் குழந்தையால் தலையைத் திருப்பக்கூட முடியாது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொடுங்கள், மற்றது ஐந்து நிமிஷம் அழுதால் பாதகமில்லை.

தேன், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேன் ஒரு வயசு வரைக்கும் கூடாது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். குழந்தைப் பால் பவுடரையும் ஃபீடிங் பாட்டிலையும் விளம்பரம் செய்யக் கூடாது, இலவச சாம்பிள் தரக் கூடாது, டப்பாவில் தாய், சேய் படம் போடக் கூடாது என்று நம் பார்லிமெண்ட் 1992-ல் சட்டம் இயற்றி, 2003-ல் இன்னும் கடுமையாக்கியது. விற்பதை அது தடுக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்து மயங்கி வாங்காமல், டாக்டரைக் கேட்டு வாங்குங்கள் என்கிறது. யாராவது சாம்பிள் டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள்.

தாய்ப்பால் வங்கியும் இப்போது உண்டு. இந்தியாவில் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் வந்தது. தில்லியில் லேடி ஹார்டிஞ்ச் ஆஸ்பத்திரியில் 2017-ல் 'வாத்ஸல்ய மாத்ரி அம்ருத் கோஷ்' ஆரம்பமாயிற்று. தானமாக வந்த பாலைப் பரிசோதித்து, 62.5 டிகிரியில் அரை மணி வைத்து, நர்சரியிலிருக்கும் நலிந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. குறைப் பிரசவமானால் முதலில் இதை விசாரியுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது

நாளைக்கு ஒரு குழந்தைக்கு எட்டு வேளை என்றால் இரண்டுக்கும் பதினாறு. வேளைக்கு அரை மணி வைத்தால் எட்டு மணி நேரம். ஒரு முழு ஆபீஸ் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, ராத்திரி ட்யூட்டியும் உண்டு. அறுவை சிகிச்சைக் காயத்தோடு ஒருத்தி இதைத் தனியாகச் செய்ய வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமா?

இரண்டையும் ஒரே சமயத்தில் மார்பில் விட்டால் நேரம் பாதியாகும். இரு பக்கமும் தலையணை வைத்து, குழந்தைகளைக் கக்கத்தில் அணைத்தாற்போல், கால்கள் அம்மாவின் முதுகுப் பக்கம் போகும்படி படுக்க வைத்து, தலைகளை இரண்டு உள்ளங்கையிலும் தாங்க வேண்டும். முதலில் சில நாள் ஒருவர் பக்கத்தில் இருந்து குழந்தையை எடுத்துக் கொடுத்தால் பழகிவிடும். வேளைக்கு வேளை பக்கத்தை மாற்றுங்கள்.

தில்லியில் பெண்ணுக்கோ மாட்டுப்பெண்ணுக்கோ பிரசவம் பார்க்கச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிற பாட்டிகளுக்கு ஒரு விண்ணப்பம். பத்தியம் என்று சொல்லி அவள் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்கே தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இவளுக்கு இரண்டு. தண்ணீர் குடித்தால் குழந்தைக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்பது தப்பு, தாகத்துக்குக் குடிக்கட்டும். வேளைக்கு வேளை "போறதா? போறலையா?" என்று கேட்காதீர்கள். கவலை ஏறினால் பால் இறங்குவது தடைப்படும். இது உடம்பின் சுபாவம்.

அப்பாக்கள், தாத்தாக்களுக்கு வருகிறேன். எடை குறைந்த குழந்தையைச் சட்டையில்லாத மார்போடு மார்பாக அணைத்து வைத்துக்கொள்வதைக் 'கங்காரு பராமரிப்பு' என்கிறார்கள். சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இப்படி அணைத்துக்கொண்டதில் முதல் 28 நாளில் இறப்பு நூற்றுக்கு 15.7-லிருந்து 12 ஆகக் குறைந்தது. தாய்க்கு முடியாத நேரத்தில் குடும்பத்தில் இன்னொருவரும் அணைத்துக்கொள்ளலாம். ஒரு குழந்தை அம்மாவிடம் குடிக்கும்போது மற்றது அப்பாவின் மார்பில் இருக்கட்டும். தில்லிக் குளிருக்கு இதைவிட நல்ல ஹீட்டர் கிடையாது.

ராத்திரி ஒரு வேளையை அப்பா எடுத்துக்கொள்ளுங்கள். கறந்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுத்தால் அவள் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவாள். கறந்த பாலைக் குளிர்காலத்தில் நாலு மணி நேரம் வெளியில் வைக்கலாம். மே, ஜூன் வெயிலில் உடனே ஃபிரிஜ்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் உபயோகித்துவிடுங்கள். சூடு பண்ண வேண்டுமானால் வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வைத்தியம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ஒரு குழந்தை, வலது பக்கம் ஒரு குழந்தை. எத்தனை மணிக்குப் பால், எந்தப் பக்கம் அல்லது எத்தனை மில்லி, சிறுநீர் போயிற்றா, மலம் போயிற்றா. யார் கொடுத்தாலும் எழுத வேண்டும். ஒரே ஜாடையுள்ள குழந்தைகளானால் ஒன்றின் காலில் கறுப்புக் கயிற்றைத் தளர்த்தியாகக் கட்டுங்கள். நடு ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் ஒரே குழந்தைக்கு இரண்டு தரம் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது நிஜமாகவே நடக்கிற சமாசாரம்.

ஒரு பக்கம் காலியாக மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் அந்தக் குழந்தையை எழுப்புங்கள். துணியை விலக்கி, உள்ளங்காலைத் தடவினால் விழித்துக்கொள்ளும். ஒரு வாரம் ஆன குழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்ட வேண்டும், அதன் பிறகு தினம் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். எழுப்பியும் எழுந்திருக்கவில்லை, கை கால் சில்லிட்டிருக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாக இருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போங்கள். நோட்டையும் கையோடு கொண்டு போங்கள். டாக்டருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

நம் சங்கத்தினர் பல ஊர்களில் இருக்கிறார்கள். பக்கத்து ஃபிளாட்டில் ரெட்டை பிறந்திருந்தால் பார்க்கப் போகும்போது பொம்மையும் சட்டையும் வாங்காமல், ஒரு வேளைச் சமையலைக் கொண்டு போய்க் கொடுங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எது தூங்குகிறதோ, அது கடைசியாக எப்போது குடித்தது என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள்.

 குழந்தைகள் எல்லோரும் க்ஷேமமாக இருக்கட்டும்.